ஆறு மணிக்கு அணைக்க வேண்டிய விளக்கு

பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்பியபோது காற்றுதான் போகும் என்று நினைத்தோம். வெயிலும் சேர்ந்து போய்விட்டது. செம்பாக்கத்தில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னல் என் மாமியாரின் அறையில் இருக்கிறது. அதைத் திறந்தால் இப்போது எதிர்வீட்டுக் குளியலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் தெரியும். அவர்கள் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், வேறு பிரயோஜனம் கிடையாது.

அத்தை அந்த ஜன்னலைப் பெரிதாக நினைத்ததில்லை. அவருடைய செடிகள் மொட்டைமாடியில் இருந்தன. காபி குடித்த கையோடு மேலே போனால் வெயில் சுடும்வரை இறங்க மாட்டார். அதிலும் மஞ்சள் சாமந்திதான் செல்லம். வருஷா வருஷம் அதன் முதல் பூவைக் காம்போடு கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி, திருநீர்மலைக்கு எடுத்துப்போய்ப் பெருமாளுக்குக் கொடுத்த பிறகுதான் அடுத்த பூவில் கை வைப்பார். முழம் முழமாகக் கடையில் பூ கிடைக்கும்போது ஒற்றைப் பூவோடு மலையேறுகிற மனுஷியை நான் கேலி செய்ததுண்டு. பெருமாள் உங்கள் பூவுக்காகத்தான் காத்திருக்கிறாரா என்று கேட்பேன். இருப்பார் என்பார். எங்கள் இருவருக்கும் பேச்சு எப்போதுமே அந்த அளவுதான். சண்டையும் கிடையாது, ஒட்டுதலும் கிடையாது.

போன கோடையில் மின்சாரம் போன ஓர் இரவு, தண்ணீர் குடிக்க எழுந்தவர் ஹாலில் இருட்டில் கால் இடறி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, வாக்கரோடு வீடு திரும்பினார். படியேறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. வந்தபிறகு அவர் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாமந்தித் தொட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும். இந்த வருஷமும் முதல் பூவைத் தன் கையால் பறிக்க வேண்டும். தன்னால் மலைக்குப் போக முடியாவிட்டாலும் மகன் கொண்டுபோய்க் கொடுத்துவிடட்டும்.

என் கணவர் தொட்டியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்தார். சில வாரங்களில் செடி வெளுத்துப்போய், தண்டு மட்டும் நீண்டு, எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமாகச் சாய்ந்தது. அத்தை உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பொறுக்கவில்லை என்றால் உட்கார்ந்து வருத்தப்படுகிற ஜாதி இல்லை நான். உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடுவேன்.

செடிக்கென்றே எல்.இ.டி. விளக்கு விற்கிறார்கள் என்று போனில் பார்த்து ஒன்றை வரவழைத்தேன். ஆயிரம் வாட் என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்த எலக்ட்ரீஷியனிடம் அளக்கச் சொன்னபோது ஒரு சீலிங் ஃபேன் இழுக்கிற கரண்டைக்கூட அது இழுக்கவில்லை. சுவிட்சைப் போட்டதும் அறை முழுக்க ஊதா. அத்தையின் முகம், போர்வை, சுவரில் இருந்த பெருமாள் படம் எல்லாம் ஊதா. செடிக்குச் சிவப்பும் நீலமும் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை பச்சையா மஞ்சளா, பூச்சி இருக்கிறதா இல்லையா, எதுவும் தெரியாது. எதிர்வீட்டுக்காரர் தெருவில் என்னைப் பார்த்து, வீட்டில் ஏதாவது விசேஷமா என்று விசாரித்தார். அன்றைக்கே அதைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன்.

பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். சாதாரண வெள்ளை எல்.இ.டி.யிலேயே செடிக்கு வேண்டிய நிறங்கள் எல்லாம் இருக்கின்றன. பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைவிட, செடிமேல் எவ்வளவு விழுகிறது என்பதுதான் விஷயம். அதனால் பட்டையாக வரும் வெள்ளை எல்.இ.டி. ஸ்ட்ரிப்புகளை வாங்கி நானே செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன். ஸ்ட்ரிப் சூடாகும். அலுமினியத்தில் ஒட்டினால் அது சூட்டை இழுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்காகக் கீழ்க்கட்டளையில் ஜன்னல் ஃப்ரேம் செய்யும் ஒரு பட்டறைக்குப் போனேன். மிச்சம் விழுந்த துண்டுகளை அளவாக அறுத்துத் தரச் சொன்னேன். அறுத்துக்கொண்டிருந்தவர் மீன் தொட்டிக்கா என்று கேட்டார். செடிக்கு லைட் போட என்றேன். மெஷினை நிறுத்திவிட்டார்.

"செடிக்கு லைட்டா? வெயிலு இன்னா ஆச்சுக்கா?"

"பக்கத்துல வூடு கட்டிட்டாங்க."

"அதச் சொல்லு" என்று மறுபடி அறுக்க ஆரம்பித்தார்.

வீட்டில் அலுமினியத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஸ்ட்ரிப்புகளை ஒட்டி, ஒயர்களைப் பற்றவைத்தேன். கரண்டை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டியைத் தண்ணீர் படாமல் சுவரில் உயரே மாட்டினேன். முழு விளக்கும் சங்கிலியில் தொங்கியது, செடி வளர வளர ஏற்றிக்கொள்ள வசதியாக. முதலில் ரொம்பக் கிட்டே தொங்கவிட்டுவிட்டேன். நுனி இலைகள் கருகின. ஒரு முழ உயரத்துக்கு ஏற்றியதும் சரியானது. வெள்ளை வெளிச்சத்தில் அத்தையின் முகம் முகமாகத் தெரிந்தது. தலையைச் சாய்த்து விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குப் பல வருஷங்கள் ஆகியிருக்கின்றன. அன்று ஆபீசில் யார் என்ன சொன்னாலும் எனக்குக் கோபம் வரவில்லை.

டைமர் வைக்கலாம் என்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவில் மின்சாரம் போய்ப்போய் வந்ததில் அதன் முள் தாறுமாறாக ஓடியது. சரி, அத்தைக்கும் பொழுது போகட்டுமே என்று சுவிட்சை அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன். காலை ஆறு மணிக்குப் போட வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு அணைக்க வேண்டும். அவரும் தலையாட்டினார்.

செடி என்றால் செடி, அப்படி வளர்ந்தது. தண்டு பருத்து, இலைகள் கரும்பச்சையாகி, தொட்டியே தெரியாமல் மூடிக்கொண்டது. வந்தவர்களை எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். மழைக்காலம் வந்தது, தீபாவளி போனது, மொட்டு மட்டும் வரவில்லை. இதே செடியிலிருந்து ஒரு குச்சியைக் கீழ்வீட்டு அக்கா வாங்கிப்போய்ப் பழைய பெயின்ட் வாளியில் நட்டிருந்தார். அரைகுறை வெயிலில், யாரும் கவனிக்காமல், அது கொத்தாக மொட்டு விட்டிருந்தது. அவர் அதைச் சந்தோஷமாகச் சொன்னபோது எனக்கு எரிச்சலாக வந்தது. வெளிச்சம் போதவில்லை போலிருக்கிறது என்று கூடுதலாக இரண்டு ஸ்ட்ரிப்புகளை ஒட்டினேன். இலை இன்னும் பெரிதாகியது. அத்தை தினமும் நுனிகளை விரலால் விலக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படுத்துவிடுவார்.

கார்த்திகை பிறந்த சமயம், ஒருநாள் விடிவதற்கு முன்பே பால் எடுக்க எழுந்தேன். அத்தையின் அறைக் கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. சாயங்காலமே கதவைச் சாத்திக்கொள்வார், விளக்கை அணைத்திருப்பார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். திறந்து பார்த்தால் எல்லா ஸ்ட்ரிப்பும் எரிந்துகொண்டிருக்கிறது. அத்தை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்குகிறார். டிரைவர் பெட்டியைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானைபோலக் கொதித்தது. அவர் எழுந்ததும் கொஞ்சம் உரக்கத்தான் கேட்டேன், தினமும் அணைப்பதே இல்லையா என்று.

"விளக்கு வெக்கிற நேரத்துல போய் யாராவது விளக்கை அணைப்பாங்களா?" என்றார்.

ஆறு மணிக்கு இந்த ஊரில் எந்த வீட்டில் விளக்கை அணைக்கிறார்கள்? நானே ஆபீசிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே ஹால் லைட்டைப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள். அணைக்கிறது என்ற சொல்லையே எங்கள் வீட்டில் சொல்ல மாட்டோம், விளக்கைக் குளிர வை என்போம். அந்த நேரத்தில் சாமி அலமாரியில் அகலை ஏற்றிவிட்டு, திரும்பி அறையை இருட்டாக்கு என்று ஒரு வயதான பெண்மணியிடம் சொன்ன புத்திசாலி நான்தான். ஆறு மணிக்கு வேண்டாம், படுக்கும்போதாவது அணைத்திருக்கலாமே என்றேன். ராத்திரி முழுக்க வெளிச்சம் இருந்தால் செடிக்கு நல்லதுதானே என்றார்.

ராத்திரி முழுக்க வெளிச்சம் என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. பெங்களூருக்குப் பஸ்ஸில் போகும்போது ஓசூர்ப் பக்கம் இருட்டில் வயல் முழுக்கப் பல்புகள் எரிவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ திருவிழா என்று நினைத்துத் தூங்கிப்போனேன். போனை எடுத்துத் தேடினேன். அவை சாமந்தி வயல்கள். சாமந்திக்கு நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். விலை நன்றாக இருக்கும் நாள்வரை பூக்காமல் நிறுத்திவைக்க, ராத்திரியில் பல்பு போடுகிறார்கள். நாங்கள் வீட்டுக்குள் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நானோ இரண்டு ஸ்ட்ரிப் அதிகமாகவே.

படித்ததை அப்படியே அத்தையிடம் சொன்னேன். கையை நீட்டி ஒரு நுனியை விலக்கிப் பார்த்தார்.

"அப்போ நான்தான் அதைப் பூக்க விடாம வெச்சிருக்கேனா?"

இரண்டு பேரும்தான் என்றேன். இன்றிலிருந்து ராத்திரி இருட்டாக இருந்தால் போதும், தை மாதத்துக்குள் பூத்துவிடும் என்றேன். அத்தை வாக்கரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"இருட்டுன்னா பயமா இருக்கும்மா. அன்னிக்கு விழுந்து கெடந்தேன் இல்ல, கூப்பிட்டேன், யாருக்கும் கேக்கல. அதிலேர்ந்து கண்ணை மூடினா அந்த இருட்டுதான் வருது."

அன்றிரவு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருந்தோம். கணவர் எழுந்து வந்து பார்க்கும்வரை அவர் எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார் என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. எலும்பு கூடியதா என்று பார்த்தோமே தவிர பயத்தைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. இத்தனை மாதமாகச் செடியின் பெயரைச் சொல்லி அந்த விளக்கில்தான் அவர் தூங்கியிருக்கிறார்.

என் புத்தி உடனே வேலையில் இறங்கியது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி பரணில் இருக்கிறது, சாயங்காலமானால் செடிமேல் கவிழ்த்துவிடலாம், அறையில் உங்களுக்கு விளக்கு எரியட்டும், செடிக்கும் இருட்டு, உங்களுக்கும் வெளிச்சம் என்று விளக்கினேன். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"பெட்டியெல்லாம் வேணாம். இருட்டாவே இருக்கட்டும். நீ இங்க வந்து படுத்துக்கோ."

அன்று ஆறு மணிக்கு அகலை ஏற்றிய பிறகு நானே போய்ச் சுவிட்சை அணைத்தேன். எதிர்வீட்டு வெளிச்சம் வராமல் ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். அறை இருட்டாகிவிட்டதால் அத்தை ஹாலுக்கு வர வேண்டியதாயிற்று. சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரிப்பார், நான் பார்க்கும் சீரியலில் மாமியாராக வருபவளைத் திட்டுவார். எனக்கும் அவளைப் பிடிக்காது. படுக்கப் போகும்போது போன் வெளிச்சத்தைத் தரையில் அடித்துக்கொண்டு கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் என் பாய். இருட்டில் அவர் அவ்வளவாகப் பேச மாட்டார். நான் அங்கே இருக்கிறேனா என்று மட்டும் நடுநடுவே கேட்பார். இருக்கிறேன் அத்தை என்பேன். பிறகு அவர் கேட்பது குறைந்துவிட்டது. எங்கள் அறையில் கணவர் தனியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் முதல் மொட்டுகள் பச்சை மிளகு அளவில் தெரிந்தன. கண்டுபிடித்தது அவர்தான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பொங்கல் கழிந்து ஒரு காலையில் மஞ்சள் பூ முழுசாக விரிந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அதைக் காம்போடு கிள்ளி, ஈரத்துணியில் சுற்றி மகனிடம் கொடுத்தார். அவர் பைக்கில் திருநீர்மலைக்குப் போய், கொடுத்துவிட்டேன் என்று மலைமேலிருந்து போன் செய்தார். அத்தை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார், மகன் பேசி முடித்த பிறகும். அந்தப் பெருமாள் காத்துத்தான் இருந்திருப்பார் என்று அன்றைக்கு நம்பினேன்.

மற்ற மொட்டுகளும் நிறம் காட்டத் தொடங்கியிருந்தன. அந்த நிலைக்கு வந்துவிட்டால் செடிக்கு இருட்டு வேண்டியதில்லை, இனி ராத்திரியில் விளக்கு எரிந்தாலும் ஒன்றும் ஆகாது. முந்தின நாள்தான் அத்தையிடம் அதைச் சொல்லியிருந்தேன். அன்று இரவு விளக்கைப் போட்டுவிட்டு என் பாயைச் சுருட்டினேன். அறை பளிச்சென்று இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து நான் தலையணையை எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, சுவிட்சை அவரே அணைத்தார்.

"இன்னும் மொட்டெல்லாம் விரியாம இருக்கு" என்றார்.

இருட்டில் தடவிப் பாயை விரித்தேன்.