லால் பாஷாவின் இடது காது

லால் பாஷாவை முதலில் அடித்தவன் நான்தான். மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

நாகரசம்பட்டி மாங்காய் வியாபாரி வீட்டுப் பிள்ளை. டிப்ளமோ முடித்து, ஓசூரில் எங்கள் கம்பெனிக் கம்ப்யூட்டர் ரூமுக்கு வந்தான். பழுக்கக் காய்ந்த இரும்பை முக்கும் எண்ணெய்த் தொட்டியின் சூட்டைக் கம்ப்யூட்டர் அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறிக்கும். சூடு அளவு தாண்டினால் அவன் எங்களுக்குப் போன் போட வேண்டும்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு நாள், மதியம் இரண்டு இருபத்தைந்துக்குத் தொட்டி பற்றிக்கொண்டது. போன் வரவேயில்லை. ஓரத்தில் நின்ற என் மச்சான் கரியப்பனை இடுப்பிலிருந்து முகம்வரை தீ தின்றது. தீ என்றால் முதலில் மெயின் சுவிட்சை இறக்குவது எங்கள் வழக்கம். இறக்கிவிட்டு ஓடி, அவனைச் சாக்கில் போட்டு உருட்டினேன். தோல் என் கையோடு வந்தது. ஐயோ, அந்த வாடை!

கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். இரண்டு பத்தோடு குறிப்பு நின்றிருந்தது.

"நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிருக்கான்" என்றான் ஒருவன்.

லால் பாஷாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, தலையை இரும்பு பீரோவில் மோதினேன். இடது காதோடு சேர்த்து அறைந்தேன். ரத்தம் வந்தது. விழுந்தவனை நாலு பேர் மிதித்தார்கள்.

"ஓடிக்கிட்டுதாண்ணே இருந்துச்சு! அல்லா சத்தியமா!"

"பொய் சொல்றியா நாயே!"

மூன்றாம் நாள் கரியப்பன் செத்தான். நாலாம் நாள் மேனேஜர், "ஓடுச்சுன்னு இன்னைக்கு நிரூபிக்கலேன்னா போலீஸ்தான்" என்றார்.

வீங்கிய முகத்தோடு லால் பாஷா அதே புரோகிராமை ஓடவிட்டு, சூடு பார்க்கும் கம்பியைக் கேன்டீன் வெந்நீரில் முக்கினான். பைலில் ஒரு வரிகூட வரவில்லை. கால் மணி நேரம் நின்றோம். திடீரென முப்பத்துச் சொச்சம் வரிகள் மொத்தமாக வந்து விழுந்தன.

"ஸ்கிரீன்ல ஓடினா உடனுக்குடனே வரும் சார். ஸ்டோர் கணக்கு பார்க்க ஸ்கிரீன் வேணும்னாங்க. அன்னிக்குக் காலையிலதான் இதைப் பின்னால ஓடவிட்டு பைல்ல எழுதச் சொன்னேன். அது மெமரியில சேர்த்து வச்சு எழுதும்னு எனக்குத் தெரியல. நான் பழைய சூட்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். மிச்ச வரியெல்லாம் மெயின் இறங்கினதும் அழிஞ்சுபோச்சு."

"மெயினை இறக்கினது யாரு?" என்றார் மேனேஜர்.

லால் பாஷா என்னைப் பார்த்தான். "யாரா இருந்தா என்ன சார்? தீப்புடிச்சா இறக்கத்தானே வேணும்."

உடனுக்குடன் எழுதும்படி புரோகிராமில் ஒரே ஒரு வரி சேர்த்தான். அதன் பிறகு ஆறு வருடம் ஒரே கம்பெனியில் இருந்தோம். நான் பேச வாயெடுத்தால் தலையைத் திருப்பி வலது காதைக் காட்டுவான்.

"இந்தப் பக்கம் பேசுங்கண்ணே" என்பான்.