கயலுக்கு நான் போடச் சொன்ன ரூல்

நான் மனுசனையே நம்பாதவன். பேயை எங்கே நம்பப் போகிறேன்? படிப்பும் ஐந்தாவதோடு சரி. ஆனால் போன சித்திரையில், விருத்தாசலத்தில், என் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில் பார்த்ததை எழுதுகிறேன். நம்பாவிட்டால் போங்கள்.

என் மகள் கயல்விழி கம்ப்யூட்டர் இன்ஜினியர். செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களைச் சூளையில் சுட்டு விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தேன். வீட்டில் அவள் அறையில் உட்கார்ந்தே வேலை பார்த்தாள். இன்டர்நெட்டில் வருவதெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக வருமாம். எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்று பல்லாயிரம் ரூல் உண்டாம். பொருந்தும் ரூலைச் சட்டென்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

"ஒண்ணொண்ணாப் பாத்தா விடிஞ்சிடும்ப்பா. எங்கேருந்து வருதுன்னு மொதல்ல கேட்டா பாதி ரூலு கழண்டுடும். எங்க போவுதுன்னு கேட்டா மீதியிலயும் பாதி போயிடும். கடைசியா நாலஞ்சு நிக்கும். அதுல மேல இருக்கறது சொல்றதுதான் தீர்ப்பு."

"இம்மாம் படிச்சிட்டு வாட்ச்மேன் வேலையா?"

"ஆமா. செகண்டுக்கு லட்சம் பேரைப் பாக்குற வாட்ச்மேன். உன்னவிட சந்தேகப் பிராணி."

எங்கள் வீட்டு இன்டர்நெட்டுக்கும் அப்படி ஒரு சின்னப் பெட்டியைக் கூடத்தில் செய்து வைத்தாள். எதையாவது தடுத்தால் சிவப்பு விளக்கு ஒருமுறை மினுக்கும்.

பிறகு ஜெயராஜ் என்பவனைக் கட்டிக்கொண்டு சென்னை போனாள். எனக்குச் சம்மதமில்லை. தினமும் மூன்று மணிக்குத் தன் லேப்டாப்பிலிருந்து கூடத்து டேப்லெட்டுக்குக் கூப்பிடுவாள். எடுக்க மாட்டேன். அந்த மணிச் சத்தமே பொறுக்கவில்லை. தங்கை மகன் பாரிக்கு இந்தப் பெட்டி வேலை தெரியும்.

"அவ லேப்டாப்புலேருந்து எது வந்தாலும் தள்ளு. எல்லாத்துக்கும் மேல போடு."

"கயலு அழுவும் மாமா."

"போடுடா."

போட்டான். அவள் செய்த பெட்டியே அவளைத் தள்ளியது. பன்னிரண்டு நாள், மூன்று மணிக்கு விளக்கு மினுக்கியது. பதின்மூன்றாம் நாள் நான் சூளையில் இருந்தபோது செய்தி வந்தது. உளுந்தூர்பேட்டையில் லாரி மோதிக் கயல் போய்விட்டாள். என்னைப் பார்க்கத்தான் வந்துகொண்டிருந்தாளாம்.

எட்டு நாள் தங்கை வீட்டில் கிடந்தேன். ஒன்பதாம் நாள் வீட்டைத் திறந்தேன். யாரும் இல்லை.

மணி 3.00.

விளக்கு மினுக்கியது.

ஏதோ விளம்பரமாக இருக்கும் என்று நினைத்தேன். 3.04... மறுபடி. 3.07... மறுபடி. அப்புறம் விடாமல்.

பெட்டியிலிருந்து ஒரு ஒயர் அவள் அறைக் கதவின் அடியில் போகும். அது அசைந்தது. அறை பூட்டியிருந்தது. சாவி என் மடியில்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

கிரீச்...

விளக்கு படபடவென்று அடித்தது.



ஒயரைப் பிடுங்கினேன்.

3.19.

விளக்கு அணைந்தது...

உள்ளே யாரோ மூச்சை இழுத்து விட்டார்கள். அழுகையை அடக்குகிறவர்களின் மூச்சு.

போன் போட்டதும் பாரி ஓடி வந்து பெட்டியின் பதிவைப் பார்த்தான்.

"கயலு லேப்டாப்புதான் மாமா. இன்னிக்கு மட்டும் நாப்பத்தொரு தடவ."

"அது நசுங்கிப் போயி போலீஸ் டேசன்ல கெடக்குதுடா!"

"வெளியேருந்து வரல. அந்த ரூமு ஒயருலேருந்து வந்துருக்கு."

கதவைத் திறந்தோம். ஒயரின் மறுமுனை வெறும் மேசைமேல் கிடந்தது.

"எங்க போவப் பாத்துது?"

"உன் டேப்லெட்டுக்கு."

பத்தடி தூரம்தான்.

அன்றைக்கே அந்த ரூலை எடுத்தாயிற்று. ஒயரையும் சொருகியாயிற்று. தினமும் மூன்று மணிக்கு டேப்லெட்டின் எதிரே உட்காருகிறேன். கூப்பிடு தாயி என்று வாய்விட்டும் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் வரவில்லை.

பாரி ஒன்றை மட்டும் என்னிடம் மறைத்து வைத்திருந்தான். போன வாரம்தான் சொன்னான். அந்த அறையிலிருந்து முதல் பாக்கெட் வந்தது விபத்து நடந்த அன்றே, மதியம் 1.52-க்கு. லாரி மோதியது 1.50-க்கு என்று போலீஸ் எழுதியிருக்கிறது.

உளுந்தூர்பேட்டையிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் ஆகும்.