ஒற்றுத் திருத்திக்கு ஆள் கிடைத்த கதை

சாந்தோம் லாசரின் மகள் அஸ்வினிக்கு அடையாறில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. அது போக, இணையத்தில் பலர் சேர்ந்து எழுதிவரும் இலவசத் தமிழ்ப் பிழைதிருத்தி ஒன்றிலும் அவளுக்குப் பங்கு உண்டு. அதை யாரும் பார்க்கலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். அதில் கவனிப்பாரில்லாமல் கிடக்கும் மாட்யூல்களை, அதாவது தனித்தனியாக எழுதிச் சேர்த்த பகுதிகளை, தேடிப்பிடித்து, எழுதியவரைக் கேட்டு, வேண்டாதவற்றை நீக்குவது அவள் பொறுப்பு.

"எம் பொண்ணு கம்ப்யூட்டர பெருக்கிக்கினு கீது" என்பாள் அவள் அம்மா கெங்கம்மா, மீன் வாங்க வருகிறவர்களிடம்.

இந்த முறை சிக்கியது, சொற்களுக்கு நடுவே க், ச், த், ப் வருமா என்று பார்க்கும் ஒற்றுத் திருத்தி. புதிய பதிப்போடு ஒத்துப்போகாமல் மொத்த மென்பொருளையும் அது முடக்கியது. எழுதிய பத்ரிநாராயணன் பல வருடங்களாக எட்டிப்பார்க்கவில்லை. மெயிலுக்கும் பதில் இல்லை. நண்பர் ஒருவர் மூலம் போன் நம்பர் கிடைத்து அழைத்தபோது, நாகேஸ்வரராவ் பூங்காவுக்கு வரச் சொன்னார். அபிராமபுரத்திலிருந்து தினமும் அங்கே நடக்க வருவாராம்.

"எடுத்துடுங்கோ" என்றார், பெஞ்சில் உட்காருவதற்குள்.

"ஏன் சார் விட்டீங்க?"

"ஆபீஸ் விட்டு ஆத்துக்கு வந்து திறந்தா ஒரே திட்டு. அரைகுறை, தமிழ் தெரியாதவன்னு. ஒத்தராவது ஒரு வரி திருத்தி அனுப்பினாளா? பொண்ணு பொறந்ததும் மூடினேன். அப்புறம் மனசே வரலை."

"உங்கள திரும்பக் கூப்பிட வரல சார். உரிமைய எங்க பேருக்கு மாத்திக் குடுத்தா போதும். எடுக்குறதா வெச்சுக்குறதான்னு நாங்க பாத்துக்குறோம். எழுதுனவர்னு உங்க பேரு அப்படியே இருக்கும்."

பத்ரி அவளை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் எப்போ சரி பண்ணுவேள்னுதான் கேப்பா" என்றபடி போனை எடுத்து அங்கேயே மாற்றிக்கொடுத்தார்.

அஸ்வினி அறிவிப்புப் போட்டாள்: 'அடுத்த பதிப்பில் இது இருக்காது. வேண்டும் என்பவர்கள், தங்களால் என்ன செய்ய முடியும் என்றும் சொல்லுங்கள்.'

முதலில் வந்தவை வசவுகள்தான். பிறகு தி.நகரிலிருந்து மஹ்விஷ் என்ற பெண் எழுதியிருந்தாள். சினிமாவுக்கு சப்டைட்டில் எழுதுகிறவள். 'எனக்குக் கோடிங் தெரியாது. ஆனால் இது எங்கே தப்புச் சொல்கிறது என்று தெரியும்.' கூடவே தவறான திருத்தங்களை வகைபிரித்து அனுப்பியிருந்தாள்.

பாதி வேலை அதிலேயே முடிந்திருந்தது. இருவரும் பாண்டி பஜாரில் ஒரு டீக்கடையில் சந்தித்தார்கள். சந்தேகமான விதிகளையெல்லாம் தூக்கிவிட்டு, நிச்சயமானவற்றை மட்டும் வைத்துக்கொள்வதென்று முடிவானது. அஸ்வினி வெட்டி, மிஞ்சியதைப் புதிய பதிப்புக்கு ஏற்றபடி மாற்றினாள், மஹ்விஷ் தன் பழைய வசனங்களைக் கொடுத்துச் சோதித்தாள். ஒரே ஒரு பகுதி மட்டும் இருவருக்கும் பிடிபடவில்லை. இது எதற்கென்று, எல்லோரும் பார்க்கும் அந்த மென்பொருளின் பக்கத்தில் கேட்டு வைத்தார்கள்.

மறுநாள் பதில் வந்தது. 'அவசரத்தில் எழுதியது. தைரியமாக எடுக்கலாம். மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. பத்ரி.'

மஹ்விஷ் அதை அஸ்வினிக்குப் போனில் இரண்டு முறை படித்துக்காட்டினாள்.

மாட்யூல் பாதியாக மெலிந்து, புதிய பதிப்பில் இடம்பிடித்தது. கவனித்துக்கொள்பவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெண்களின் பெயர்கள். பத்ரியையும் சேர்க்கட்டுமா என்று அஸ்வினி கேட்டாள். வேண்டாம், தோன்றினால் வந்து பார்க்கிறேன் என்றார். அந்த மாதமே மஹ்விஷ் தானாகக் கோடிங்கில் ஒரு வரி எழுதி அனுப்பினாள். அதில் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது. அஸ்வினி அதை மட்டும் போட்டுச் சேர்த்துக்கொண்டாள்.