சம்மாட்டி காட்டிய வழி

எங்கள் பங்குச் சுவாமியாரிடம் இதைச் சொன்னேன். வெயில் தலைக்கேறியிருக்கும் என்றார். இல்லை. 1997 பங்குனி, நல்ல மத்தியானம். என் இரண்டு கண்ணாலும் கண்டது இது.

முல்லைத்தீவுக் கரையில் எங்கள் குடியிருப்பு ஒருகாலம் கொழித்த இடம். கரைவலை இழுக்கும் நாளில் ஐஸ் பெட்டிகளோடு லொறிகள் வரிசையில் நிற்கும். வலைகளுக்குச் சொந்தக்காரர் யாக்கோப்புச் சம்மாட்டி. தொண்ணூறில் சண்டை வந்தது. எல்லாரும் ஓடினோம். விசுவமடுவில் அந்தச் சம்மாட்டியே பிறர் தோட்டத்தில் கூலிக்கு மிளகாய் பிடுங்கினார். ஆறு வருடம் இராணுவ முகாமாகக் கிடந்த கரை தொண்ணூற்றாறில் திறந்தது. ஆனால் மண்ணுக்குள் மிதிவெடி.

ஓடும்போது என் கணவர் ஸ்ரனிஸ்லஸ் படகு எஞ்சினை வீட்டுக்குப் பின்னால் புதைத்திருந்தார். அது கிடைத்தால் மறுபடி கடலுக்குப் போகலாம். கிண்டி எடுக்க இருவரும் போனோம்.

வீடு இல்லை. அத்திவாரம் மட்டும். தென்னைகளுக்குத் தலை இல்லை. எங்கே கால் வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் நின்றோம்.

வலை வைக்கும் வாடி இடிந்து கிடந்தது. அதனருகே சம்மாட்டி நின்றார். வெள்ளைச் சாரம், வாயில் சுருட்டு. எங்களுக்கு முன்பே ஊர் திரும்பியவர். வழி தெரிந்திருக்கும்.

“தம்பி, இஞ்சால வா. இதில ஒண்டுமில்லை.”

கணவரின் முகம் மலர்ந்தது. தன் தடத்திலேயே என்னை வரச் சொல்லிவிட்டு நடந்தார்.

நான் பின்னால்.

கடல் காற்று என் சீலையைப் பிடுங்கியது. சம்மாட்டியின் சாரம்... அசையவில்லை.

சுருட்டு புகைந்தது. மணம் இல்லை.

இரவு மழை பெய்திருந்தது. மண் வழித்துவிட்டதுபோல் படிந்து கிடந்தது. அவரைச் சுற்றி ஒரு காலடிகூட இல்லை.

“இஞ்சேருங்கோ... நில்லுங்கோ.”

கணவர் திரும்பினார்.

டும்.

வாயெல்லாம் மண். காது கூவியது. அவர் குப்புறக் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே...

“வராத, அற்புதம்.”

அவ்வளவுதான் சொன்னார்.

நிமிர்ந்து பார்த்தேன். சம்மாட்டி அங்கேயே நின்றார்.

என்னைப் பார்த்துக் கை அசைத்தார்.

வா...

சனம் கயிறு போட்டு என் கணவரை இழுத்தெடுத்தபோது உயிர் இல்லை. ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டார்கள். சம்மாட்டி கூப்பிட்டார் என்றேன். அவர் இரண்டு கிழமைக்கு முன்பு, அதே வாடியடியில், வெடியில் செத்துப்போனவராம்.

ஆவணியில் எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரி கிருசாந்தினி விசுவமடுவுக்கு என்னைத் தேடி வந்தாள். கதிரை போட்டேன். இருக்கவில்லை. பிள்ளையோடு கரைக்குக் காணி பார்க்கப் போனதாகச் சொன்னாள்.

“அக்கா, உங்கட அவர் வாடியடியில நிண்டவர். சிரிச்சுக்கொண்டு.”

வாசலைப் பார்த்தபடி அவளே தொடர்ந்தாள்.

“மாமா கூப்பிடுறார் எண்டு... நான் பிடிக்கிறதுக்குள்ள என்ர மகள் ஓடிப்போனவள்.”