தண்ணீர் குடிக்காமல் ஏறிய மலை

செஞ்சியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் ராஜகிரி தெரியும். பாறைமேல் பாறை, அதன்மேல் கோட்டை, அதற்கும் மேலே ஒரு பருந்து. பதிமூன்று வயதில் எனக்கு அந்த உச்சியைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை. ஏறணும். அவ்வளவுதான்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் டிரில் வாத்தியார் மலையேறும் போட்டி வைத்தார். “ஆம்பள, பொம்பளங்கறதெல்லாம் வீட்டோட. எங்கிட்ட எல்லாரும் ஒண்ணு” என்றார். அவரைக் கும்பிடத் தோன்றியது.

நைனா ஒப்பவில்லை. “பொட்டப்புள்ள ஒடம்பு பூ மாதிரி. அதுக்கு இன்னாத்துக்கு மலை?”

“அந்தப் பூதான் தெனம் நாலு கொடம் தண்ணி தூக்குது” என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. நைனா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் சம்மதம்.

எங்கள் பள்ளிப் பெண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினால் திரும்பும்வரை தண்ணீர் குடிக்க மாட்டோம். பையன்களுக்கு மதிலுக்குப் பின்னால் வேலிகாத்தான் புதர். எங்களுக்கு ஒதுங்க இடமில்லை. யாரும் சொல்லித் தரவில்லை, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி பழகினோம். தண்ணீர்ப் பானை மட்டும் எல்லாருக்கும் பொது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வெயிலில் ஏறினோம். பாதி மலையில் படிகள் கறுத்தன. கண் விழித்தபோது வாத்தியார் என்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். அடிவாரத்தில் நைனா, சைக்கிளோடு. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம்.

வீடு வரைக்கும் இருவருக்கும் வாக்குவாதம். “பொண்ணு பொண்ணுதான் வாத்தியாரே.” “எல்லாருக்கும் ஒரே மலைதானுங்களே.”

அம்மா என் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். “காலைலருந்து தண்ணி குடிச்சியா?”

“இல்ல.”

“நல்லாத்தான் சண்ட போடறீங்க ரெண்டு பேரும். ஏன் குடிக்கலன்னு கேட்டீங்களா?” பிறகு அவளே சொன்னாள், கூசாமல். இரண்டு ஆம்பளைகளும் தரையைப் பார்த்தார்கள்.

எனக்கு இன்னும் ஆறவில்லை அந்த நிமிஷம். ஒருவர் என் உடம்பைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மற்றவர் எனக்கு உடம்பு இருப்பதையே பார்க்கவில்லை. இருவருக்கும் என்மேல் உயிர்.

திங்கட்கிழமை நைனா பள்ளிக்கு மூங்கிலும் ஓலைத்தட்டியும் கொண்டுவந்தார். வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழி தோண்டினார். பெண்கள் ஒதுங்க மறைப்புக் கட்டும்போதும் வாக்குவாதம் ஓயவில்லை. “இன்னும் ஒசரம் வேணும் சார். பொண்ணுங்க வளருதுங்க” என்றார் நைனா. அன்று பானை மத்தியானத்துக்குள் காலியானது.

அடுத்த சனிக்கிழமை போட்டி கிடையாது. நைனாவும் வாத்தியாரும் நானும் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே நைனாதான் மூச்சு வாங்கி உட்கார்ந்தார். சொம்பை நீட்டினேன். வாங்கவில்லை.

“நீ குடிச்சியா?” என்று கேட்டார்.

“குடிச்சன் நைனா” என்றேன். அதற்கப்புறம்தான் குடித்தார். மிச்சப் படிகளில் நான் ஓடினேன்.