புள்ளிக்கு எவ்வளவு இடம்

அலுவலகத்தில் அவளுக்கு முழக்கோல் என்று பெயர். நேரில் கூப்பிடும்போது மட்டும் மரியாதைக்கு ஓர் அக்கா ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் குடையை மறந்துவிட்டு வருவாள். கைப்பையில் ஸ்டீல் ஸ்கேல் இல்லாமல் வந்ததில்லை.

அலுவலகம் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கீழே கம்ப்ரஸர் ஓடும்போது மேலே மேசைகள் லேசாக நடுங்கும். கடைகளுக்கு பில் அடிக்கும் மென்பொருள், மருந்துக் கடைகளுக்கு லேபிள் அடிக்கும் மென்பொருள். இந்த இரண்டை வைத்துத்தான் அங்கே எல்லோருக்கும் பிழைப்பு. அவள் கணக்கு எழுத வந்தவள். பில்லில் தொகை கட்டத்தை விட்டு வெளியே போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல், ஏன் போகிறது என்று கேட்டாள். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. தானே நிரலைத் திறந்து படித்துப் பழகினாள். கொஞ்ச காலத்தில் பில் முழுக்க அவள் பொறுப்பாயிற்று. லேபிள் முதலாளியின் தலைப்பிள்ளை. அவர் தனியாளாக இருந்தபோது எழுதியது. அதில் யாரும் கை வைப்பதில்லை.

கணினிக்கு எழுத்தின் அகலம் தானாகத் தெரியாது. எழுத்துருவோடு சேர்ந்து ஒரு அளவுக் கோப்பு வரும். அதில் வரிக்கு ஓர் எழுத்து. எழுத்தின் பெயர், பக்கத்தில் அது கேட்கும் இடம். நிரல் அந்தக் கோப்பை வரிவரியாகப் பிரித்துப் படித்து, அகலங்களைக் கூட்டி, எழுத வேண்டியது தாளில் அடங்குமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும். அடங்காவிட்டால் எழுத்தைச் சிறிதாக்கும். மற்றவர்கள் இந்த வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அவள் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. ஒரே எழுத்தைத் தாளின் விளிம்புவரை வரிசையாக அச்சிடுவாள். வரிசையை ஸ்கேலால் அளந்து, எழுத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பாள். கிடைத்ததைக் கோப்போடு ஒப்பிடுவாள். ஒற்றை எழுத்தை அளந்தால் ஸ்கேல் பொய் சொல்லும், வரிசையை அளந்தால் சொல்லாது என்பது அவள் கட்சி.

"மாப்பிள்ளையையும் இப்படி அளந்துதான் கட்டினீங்களாக்கா?" என்று பக்கத்து மேசைக்காரன் ஒருமுறை கேட்டான்.

"அப்ப என்கிட்ட ஸ்கேல் இல்லப்பா. இருந்திருந்தா அவர் தப்பிச்சிருப்பார்."

அவளுடைய அப்பா லாரி ஓட்டியவர். ஊர்ப் பலகை கிளீனரின் கண்ணுக்குத் தட்டுப்படும் முன்பே படித்துவிடுவார். வழி தெரியாவிட்டாலும் இறங்கிக் கேட்க மாட்டார். "இந்த ரோடு எங்கயாவது போகத்தானே செய்யும்" என்பார். மனைவி போன பிறகு, நாற்சந்தியைப் பார்த்த ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். ஜன்னலோரம் நாற்காலி. கீழே வண்டிகள் கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே ஓட்டுகிறவனின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். சர்க்கரை அவர் கண்ணைத் தின்றிருந்தது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரிய எழுத்து தெரியும். சின்ன எழுத்து தெரியாது.

மாத்திரைப் பெட்டிகளின் மேல் அவள் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதி வைத்திருந்தாள். பெட்டி தீர்ந்தது. கடையிலிருந்து புதுப் பெட்டி வந்தது. அதில் அவள் எழுத்து இல்லை, கடை லேபிள்தான் இருந்தது. மறுநாள் காலை அப்பா இரவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் படியிறங்கினார். பாதிப் படியில் உட்கார்ந்து தூங்கிப்போனார். கீழ்வீட்டுக்காரர் பார்த்துத் தோளைப் பிடித்ததால் உருளவில்லை.

தம்பி அன்றைக்கே வந்துவிட்டான். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் எது முதலில் அறுந்து விழும் என்று பார்க்கிறவன்.

"ரெண்டு பெட்டியும் கையில இருக்கு. எப்படிப்பா மாறும்? கண்ணை மூடிட்டு எடுத்தீங்களா?"

"திறந்துக்கிட்டுதான் எடுத்தேன். ஒரு குத்துமதிப்பா எடுத்தேன்."

"மாத்திரையைக் குத்துமதிப்பா போடுவாங்களா? அக்கா, நீயும் வேலைக்குப் போற, நானும் வேலைக்குப் போறேன். இவர் படியில தூங்கறார். நான் என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். பின்பக்க ரூம் சும்மாதான் கிடக்கு."

"ஏன்டா, நான் என்ன சரக்கா? ஏத்தி, தார்ப்பாய் போட்டுக் கட்டி, உன் வீட்டுல கொண்டுபோய் இறக்கறதுக்கு?"

"சரக்கா இருந்தா வாயை மூடிட்டு வருமேப்பா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அப்பாவின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தம்பி வீட்டின் பின்பக்க அறைக்கு ஜன்னல் உண்டு. அது பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கும்.

"பாப்பா, நீ சொல்லும்மா இவன்கிட்ட" என்றார் அப்பா. நரைக்க ஆரம்பித்த பிறகும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

தம்பி சொன்னதில் தப்பில்லை. கடைசியில் அவனே ஒரு தவணை கொடுத்தான்.

"வர்ற ஞாயித்துக்கிழமை வரேன். பெட்டியெல்லாம் கலைச்சுப் போட்டு முன்னாடி வைப்பேன். எது எப்பன்னு அவரே படிச்சுச் சொல்லட்டும். சொல்லிட்டா நான் வாயைத் திறக்கல. இல்லேன்னா அன்னைக்கே வண்டி கொண்டாந்துடுவேன்."

அவன் போன பிறகு அவள் இரவு மாத்திரைப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் விளிம்பிலிருந்து விளிம்புவரை தடித்து நின்றது. அதன் கீழே, "இரவில் உணவுக்குப் பின் ஒன்று மட்டும்" என்ற வரி எறும்பு ஊர்ந்ததுபோல் போய் லேபிளின் பாதியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. மீதி வெறும் வெள்ளை. இடமில்லாமல் சிறிதாகவில்லை. இடம் இருந்தும் சிறிதாகியிருந்தது. மூலையில் அவள் அலுவலகத்தின் பெயர்.

மறுநாள் அந்தப் பெட்டியோடு முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"சார், லேபிளைக் கொஞ்சம் திறந்து பார்க்கட்டுமா?"

"ஓடற வண்டியை எதுக்கும்மா பிரிக்கணும்?"

"ஓடுது சார். பாதி ரோட்டுலதான் ஓடுது."

வெள்ளையாகக் கிடந்த பாதியின் மேல் ஸ்கேலை வைத்துக் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். வேறு பிரதியில் பார்த்துக்கொள்ளச் சொன்னார், கடைகளுக்குப் போவதில் தொடக் கூடாது என்றார்.

அவள் முதலில் நிரலைத் திறக்கவில்லை. ஒரு வரிசை முழுக்க 'க' அச்சிட்டாள். அதன் கீழே அதே அளவு 'க்'. இரண்டு வரிசையும் ஒரே இடத்தில் முடிந்தன. புள்ளி, எழுத்தின் தலைமேல் உட்கார்ந்துகொள்கிறது, தனக்கென்று இடம் கேட்பதில்லை. அளவுக் கோப்பும் அதையேதான் சொன்னது. புள்ளி, அகலம் பூஜ்யம். நிரலைக் கேட்டால் மட்டும் இரண்டாவது வரிசை மிக நீளம் என்றது.

கோப்பைப் படிக்கும் பகுதியில் காரணம் இருந்தது. அகலம் பூஜ்யமாக இருந்தால் அந்த எழுத்து கோப்பில் விடுபட்டுப் போயிருக்கிறது என்று வைத்துக்கொள், இருப்பதிலேயே அகலமான எழுத்தின் அளவை அதற்குக் கொடு என்று முதலாளி எழுதியிருந்தார். ஆக ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு 'ஔ'வின் நாற்காலி. அப்பாவின் லேபிளில் இருந்த அந்த ஒரு வரியில் மட்டும் ஏழு புள்ளிகள். வராத விருந்தாளிகளுக்கு இலை போட்டு வைத்துவிட்டு, வந்தவர்களை நெருக்கி உட்காரச் சொன்னதுபோல் இருந்தது.

முதலாளி தான் எழுதிய நிரல் வரியை நியாயப்படுத்தினார். அதில் நியாயமும் இருந்தது.

"அந்தக் காலத்துல வந்த கோப்புல பாதி எழுத்து இருக்காதும்மா. அப்ப நான் பயந்த பயம் உங்களுக்குத் தெரியாது. 'ஒன்று மட்டும்'ல 'மட்டும்' வெட்டுப்பட்டா என்னாகும்? சின்னதா இருந்தா திட்டுவாங்க, வாங்கிக்கலாம். வெட்டுப்பட்டா ஆளே போயிடுமே."

அவள் அந்த நிரல் வரியை எடுத்துவிட்டு அச்சிட்டாள். அப்பாவின் லேபிளில் எழுத்து நிமிர்ந்து நின்றது. விளிம்புவரை போய், விளிம்பைத் தொடாமல் நின்றது. கையை நீட்டிப் பிடித்தாலும் படிக்க முடிந்தது.

இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பாள். அப்பாவின் கடைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் எல்லாக் கடைகளின் எழுத்துருக்களையும் எடுத்து ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பார்த்தாள். ஒரு கடையின் லேபிளில் கடைசி வார்த்தை பாதியோடு வெட்டுப்பட்டு வந்தது. அந்தக் கடையின் கோப்பில் இரண்டொரு எழுத்துகள் நிஜமாகவே இல்லை. இல்லாததையும் நிரல் இப்போது பூஜ்யமாக எடுத்துக்கொண்டு, வரி குட்டை என்று நம்பி எழுத்தைப் பெரிதாக்கியிருந்தது. முதலாளி பயந்தது அப்படியே நடந்திருந்தது.

அந்த லேபிளை அவளே கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தாள்.

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க சார். பாதி சரி."

"முழுசா சரின்னு சொல்ல வாய் வராதே உங்களுக்கு."

"அளந்து பார்த்துட்டா வந்துடும் சார்."

பிறகு அவள் செய்தது சின்ன வேலை. அதற்கு முன் அத்தனை அளந்ததால்தான் அது சின்னதாக முடிந்தது. கோப்பைத் திறக்கும் முன் எல்லா எழுத்துக்கும் 'தெரியாது' என்று குறித்து வைத்தாள். கோப்பு ஓர் அளவைச் சொன்னால் அந்த அளவு. பூஜ்யம் என்று சொன்னால் பூஜ்யம்தான், அதுவும் ஓர் அளவு. எதுவுமே சொல்லாவிட்டால் 'தெரியாது' என்றே இருக்கும். அப்படி ஓர் எழுத்து வரியில் வந்தால் நிரல் அச்சிடாமல் நின்று, இந்த எழுத்தின் அளவு எனக்குத் தெரியாது என்று திரையில் சொல்லும்.

"கடையில கூட்டம் நிக்கும்போது 'எனக்குத் தெரியாது'ன்னு ஒரு சாஃப்ட்வேர் சொன்னா தூக்கிக் குப்பையில போட்டுடுவான்மா."

"போட மாட்டாங்க சார், போன் பண்ணுவாங்க. என் நம்பரைப் போட்டுடுங்க. நான் எடுக்கறேன்."

போன் வருவதற்கு முன்பே அந்தக் கடையின் விடுபட்ட எழுத்துகளை வரிசையாக அச்சிட்டு, அளந்து, வகுத்து, கோப்பில் சேர்த்துவிட்டாள். முதலாளி அந்தத் தாள்களை வாங்கி நிதானமாகப் பார்த்தார். தானும் ஒரு வரிசையை அளந்தார். பிறகு பக்கத்து மேசைக்காரனைக் கூப்பிட்டு, புதுசை எல்லாக் கடைக்கும் அனுப்பிவிடச் சொன்னார். தன் தலைப்பிள்ளையைப் பற்றி வேறெதுவும் பேசவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மருந்துக் கடைக்காரம்மா அப்பாவின் பெட்டிகளுக்கெல்லாம் புது லேபிள் அடித்து ஒட்டிக் கொடுத்தார். "என்னம்மா, எழுத்தெல்லாம் சத்துமாத்திரை சாப்பிட்ட மாதிரி இருக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி சொன்னபடி வந்தான். பெட்டிகளைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து மேசையில் பரப்பினான். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, தலை வாரி, லைசென்ஸ் எடுக்கப் போகிறவர்போல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒன்றை எடுத்தார். "காலையில் உணவுக்கு முன்." வைத்தார். அடுத்தது. "காலையில் உணவுக்குப் பின்." அடுத்தது. "இரவில் உணவுக்குப் பின் ஒன்று மட்டும். மட்டும்னா மட்டும்தான், ஆசைப்படக் கூடாது."

எல்லாம் சரி. அவள் மூச்சு விட்டாள். அப்போது தம்பி சட்டைப் பையிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்தான். அவன் பகுதிக் கடையில் முன்பே வாங்கி வைத்தது. பழைய எறும்பு எழுத்து.

"டேய், இது அவர் மாத்திரையே இல்ல" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு அக்கா. படிங்கப்பா."

அப்பா அதைக் கண்ணருகே கொண்டுபோனார். ஜன்னல் பக்கம் திருப்பினார். தள்ளிப் பிடித்தார். காலை, மதியம், இரவு, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஒன்றைத் துணிந்து சொன்னால் பலித்தாலும் பலிக்கும். அவர் உதடு ஏதோ சொல்லப் போனது. அவள் ஸ்கேலைக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். கீழே ஒரு வண்டி கியர் மாற்ற முடியாமல் நறநறத்துக்கொண்டு போனது. அப்பா அதை ஓட்டியவனைத் திட்டக்கூட இல்லை.

பெட்டியை மேசையில் வைத்தார்.

"இது தெரியலடா. யாரையாவது கேட்டுட்டுதான் போடணும்."

தம்பி பெட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"வாழ்நாள் பூரா லாரி ஓட்டினார், ஒரு இடத்துல இறங்கி வழி கேட்டதில்ல" என்று அக்காவிடம் சொன்னான். பிறகு வாசல் பக்கம் போனான்.

"அக்கா, அந்த ஸ்கேலைக் கொடு. இந்தப் படிக்கு ஒரு கைப்பிடி போடணும். அது இல்லாம இவரை இங்க விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"இத்துனூண்டு ஸ்கேலை வச்சு மாடிப்படியை அளப்பியா?"

"ஒரு படியை அளந்து பெருக்கிக்கறேன்."

"ஒண்ணை அளக்காத. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி இருக்கும். நான் மேலேர்ந்து கயிறு விடறேன், மொத்தமாப் பிடி."

கொடிக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அவள் படியில் போய் நின்றாள். தம்பி கீழ்ப்படியில் மண்டியிட்டு நுனியைப் பிடித்தான். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"சீக்கிரம் அளந்துட்டு வாங்க ரெண்டு பேரும். உணவுக்குப் பின்னுன்னு இவ்வளவு பெருசா போட்டிருக்கு, உணவைக் காணோமே."