அத்தர்காரன் மூக்கு

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய கருங்கல் சுவருக்குக் கீழே கையகல மணல்திட்டு ஒன்று இருக்கிறது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய இரண்டு கல்வளைவுகள் இரு பக்கமும் அணைத்துக்கொண்டிருப்பதால் அலை அங்கே வாலாட்டாது. மேலே கண்டெய்னர் லாரிகள் ஓடுவது காதில் விழும், கண்ணுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வண்ணாரப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் அங்கே போய்விடுவேன். தூண்டில் போட வருகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவரும் மீனவர் இல்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் கடலையே கரைத்துக் குடித்த ஆட்கள் மாதிரி இருக்கும், நான் உட்பட.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. முகத்துவாரத்திலிருந்து எண்ணெய் கலந்த தண்ணீர் இறங்கும் நாட்களில் பிடிபடுகிற மீன் மண்ணெண்ணெய் நாறும். பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும். சட்டியில் விழுந்த பிறகு வீடே நாறிவிடும். அதனால் மீனைப் பையில் போடும் முன் செவுளைப் பிரித்து மோந்து பார்த்தாக வேண்டும். அந்த வேலை என்னுடையது, ஏனென்றால் நான் முப்பது வருஷமாக அத்தர் விற்கிறவன். தூண்டிலில் இரை கோத்த கையோடு தாங்களே மோந்தால் இறால் வாடைதான் வருகிறது என்பார்கள். "பாய் மூக்கு மெஷினு" என்று வேறு சொல்வார்கள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மூக்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. தானாகத் திரும்பி வரும் என்றார் டாக்டர். வரவில்லை. கடையில் பாட்டில் மேல் ஒட்டிய பேரைப் படித்து விற்கிறேன். வாசனை தெரியாத அத்தர்காரன் என்று வெளியே தெரிந்தால் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. திட்டிலும் அதே நாடகம்தான். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மினுங்குகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன், அப்புறம் மீனை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடித் திறந்து, தீர்ப்புச் சொல்வேன். அல்லாஹ் புண்ணியத்தில் மாட்டிக்கொள்ளாமல் ஓடியது.

என் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவர் ராயபுரத்துக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், என் வயசுதான் இருக்கும். அவருடைய ஒரே மகள் பிள்ளை பெற்று வீட்டில் இருந்தாள். பால் சரியாக ஊறவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம் பால்சுறாப் புட்டு. மூன்று ஞாயிறாக மனுஷன் சுறாவுக்கென்றே தூண்டில் போட்டார், கெளுத்தியாக மாட்டியது.

"காசிமேட்ல கெடைக்குதே, வாங்கிக்கினு போயேன்" என்றேன்.

"ஐஸ்ல எத்தினி நாளு கெடந்துதோ பாய். எம்பொண்ணுக்கு நானே உசுரோட புட்ச்சி எட்த்துக்கினு போவணும்."

இந்தப் பிடிவாதத்துக்கு என்ன மருந்து? விட்டுவிட்டேன்.

நாலாவது ஞாயிறு மாட்டியது. முழங்கை நீளம், குட்டிச் சுறா. "மாதாவே, வந்துட்டான் பாய்!" என்று அவர் கத்தியதில் கல்வளைவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மணலில் ஓடிவந்து மீனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"மோந்து பாரு பாய்."

அன்றைக்கென்று மேகமூட்டம். தண்ணீர் சாம்பல் பூத்துக் கிடந்தது, படலம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. செவுள் கீறலில் மூக்கை வைத்து இழுத்தேன். வெறும் காற்று. தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"சோக்கா கீது. எட்த்துக்கினு போ" என்றேன்.

அடுத்த ஞாயிறு அவர் தாமதமாக வந்தார். தூண்டிலைப் பிரிக்காமலேயே பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கொழந்த எப்டி கீது?"

"பால் பவுடர்தான் பாய்." தூண்டிலை மணலில் கிடத்தினார். "பொண்ணு ஒரு வாய் வெச்சிட்டு, கிருஷ்ணாயில் நாறுதுப்பான்னா. நான்தான், பாயே மோந்து பாத்துட்டு சொன்னாரு, சும்மா துன்னுன்னு அதட்டி ஊட்டிவுட்டேன். சாயங்காலம் வரிக்கும் வாந்தி."

"இப்ப?"

"இப்ப தேவல. ஆனா என் கையால எது குட்த்தாலும் வேணான்றா."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"எனுக்கும் நாத்தம் அட்ச்சிது பாய், அதான் பேஜாரா கீது. மீன வெட்டறப்பவே அட்ச்சிது. நீ சோக்கா கீதுன்னு சொல்லிட்ட, அப்ப நம்ம மூக்குலதான் இன்னாமோ கோளாறுன்னு நென்ச்சிக்கினேன்."

கூனிக் குறுகிப் போனேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். சொல்லிவிட்டேன். ரெண்டு வருஷமா ஒரு வாசனையும் தெரியாது, மல்லியும் தெரியாது, சாக்கடையும் தெரியாது என்று.

"அப்ப கடை?"

"பேரப் பாத்து விக்கறேன்."

"அன்னிக்கே சொல்லியிருந்தா நானே மோந்து தூக்கிப் போட்டிருப்பேனே பாய்" என்றார். குரலில் கோபமே இல்லை.

அப்போது கல்வளைவிலிருந்து இன்னொருவர் மடவை மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வழக்கம்போல் என்னை நோக்கி வந்தார். ராயபுரத்துக்காரர் என்னை முந்திக்கொண்டு எழுந்து கையை நீட்டினார்.

"இங்க குடு. பாய்க்கு ஜல்ப்பு."

செவுளைப் பிரித்து, அவசரப்படாமல் இரண்டு தடவை மோந்து பார்த்தார். பிறகு வேண்டாம் என்று தலையாட்டினார். மடவைக்காரர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான் சளி பிடித்தவன் மாதிரி மூக்கை ஒருமுறை உறிஞ்சிக் காட்டினேன்.